காலுக்குள் கிடக்கும் இரும்பும் காணாமல் போன தாளும்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊர்ப் பக்கத்திலிருந்து, தரைப்படையின் ரெஞ்சர் பிரிவில் முன்பு இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். கொஞ்சம் சுருக்கி, அவர் பெயரையும் அதில் வந்த அலுவலகம், ஆஸ்பத்திரிப் பெயர்களையும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"ஐயா, வணக்கம். எனக்கு வயது 71. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1974-ல் பட்டாளத்தில் சேர்ந்து பத்து வருஷம் ரெஞ்சரில் இருந்தேன். 1977-ல், தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கிரிக்குக்கு மேலே தாய்லாந்து எல்லைக் காட்டில் ரோந்து போனோம். எனக்கு முன்னால் நடந்த இபான் (சரவாக் பழங்குடி) கோப்ரல் ஜெராங்காப் சாமாரை, அதாவது மறைத்துவைத்த வெடிப்பொறியை, மிதித்துவிட்டார். அங்கேயே போய்விட்டார். எனக்கு இடது தொடையிலும் முட்டிக்குக் கீழேயும் சில்லு பாய்ந்தது. இடது காதில் ரத்தம். மெடிக் கட்டுப் போட்டார். மழை விடாததால் ஹெலிகாப்டர் மறுநாள்தான் வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மேலே இருந்த சில்லுகளை எடுத்தார்கள், ஆழத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள். பிறகு படைக்கே திரும்பினேன். 1984-ல் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தேன். பென்சன் இல்லை. பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்தேன்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்த பிள்ளை, 'அங்கிள், கால்ல என்ன இவ்வளவு ஆணி?' என்று கேட்டது. பக்கத்தில் என் மனைவி நின்றாள். அந்தத் தழும்பு முள்கம்பி கிழித்தது என்று 40 வருஷமாக அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு 'பாக்சிக், தா அடா ரெக்கோட்' (பெரியவரே, ரெக்கோட் இல்லை) என்றார்கள். அமெரிக்காவில் காயம்பட்டவனுக்குப் பர்ப்பிள் ஹார்ட் என்று மெடல் கொடுக்கிறார்கள், 50 வருஷம் கழித்துக்கூடக் கொடுக்கிறார்கள் என்கிறான் என் மகன். எனக்குப் பணம் வேண்டாம் ஐயா. நான் அடிபட்டேன் என்று ஒரு தாள் வேண்டும். கேட்கலாமா, காலம் கடந்துவிட்டதா? இன்னும் ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறேன். முதுகுவலிக்கு அடுத்த மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் எழுதினால் நல்லது."

அன்புள்ள ஐயா,

சட்டத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த எம்.ஆர்.ஐ.

நீங்கள் அதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குத் திக்கென்றது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது சக்தி மிகுந்த ஒரு காந்தம். காந்தம் இழுக்கிற உலோகச் சில்லு உடம்புக்குள் இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். பக்கத்தில் ரத்தக் குழாயோ நரம்போ இருந்தால் ஆபத்து. அறைக்குள் விடுமுன் ஒரு படிவம் கொடுத்து, உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். மகன் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுவிடக் கூடாது. அந்த நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்த மருத்துவரிடம் போய், 'இது 1977-ல் காட்டில் வெடி வெடித்தபோது பாய்ந்தது, எனக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?' என்று கேளுங்கள். எந்த மாதிரிச் சில்லு, எங்கே இருக்கிறது என்று பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். வேண்டாம் என்றால் சி.டி. ஸ்கேன் மாதிரி வேறு வழி இருக்கிறது.

இதை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் அப்படிச் சொன்னவுடன் மருத்துவர் தன் குறிப்பில் எழுதுவார்: இடது தொடையில் உலோகச் சில்லுகள், நோயாளி சொன்னபடி 1977-ல் வெடிவிபத்து. கீழே தேதி, கையெழுத்து. நீங்கள் 48 வருஷமாக வாய் திறக்காமல் இருந்த விஷயம் முதல் தடவையாக ஒரு தாளில் ஏறும். எக்ஸ்ரே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

இப்போது உங்கள் கேள்வி. 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரியங்களைப் போட்டு முடிந்து வைத்திருக்கிறீர்கள். காயம் பட்டது உண்மை என்று பதிவேட்டில் ஏற்றுவது ஒன்று. அந்தக் காயத்தால் வந்த ஊனத்துக்கு உதவியோ பணமோ கேட்பது இன்னொன்று. பதக்கம் மூன்றாவது. பழைய பட்டாளத்துக்காரர்கள் எழுதித் தந்த மனுக்கள் பலவற்றை இந்த 30 வருஷ வக்கீல் தொழிலில் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டு, மேலே பிரதமருக்கும் கீழே எல்லா அமைச்சர்களுக்கும் நகல் போட்டிருப்பார்கள். அது மேசை மேசையாகப் போகும். பதக்கப் பிரிவு 'இது எங்கள் வேலை இல்லை' என்று ஓய்வூதியப் பிரிவுக்குத் தள்ளும், அவர்கள் ரெக்கோட் இல்லை என்று திருப்புவார்கள். முதல் காரியம் முடியாமல் மற்ற இரண்டும் நகராது. உங்கள் மனசுக்கு வேண்டியதும் முதல் காரியம்தான், அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதை மட்டும் கேட்போம்.

காலம் கடந்துவிட்டதா என்றால், வழக்குப் போட ஆம். அரசாங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதம்தான் தருகிறது. அந்தக் கதவு 1980-லேயே மூடிவிட்டது. யாராவது வக்கீல் முன்பணம் வாங்கிக்கொண்டு 'கேஸ் போடலாம், லட்சக்கணக்கில் வரும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் பதிவேட்டைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பது வழக்கு இல்லை, விண்ணப்பம். அதை 71 வயதிலும் போடலாம்.

'தா அடா ரெக்கோட்' என்ற அந்த மூன்று சொல் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் பாருங்கள். முகப்பில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையை. அதில் உங்கள் பெயர், பட்டாள நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். 1977-ல் காகிதத்தில் எழுதியதெல்லாம் திரைக்கு வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. காயம்பட்ட ஒருவரைப் பற்றிப் படையில் ஒரே இடத்தில் மட்டும் எழுத மாட்டார்கள். மெடிக் எழுதுவார். உங்கள் கம்பெனி மேலிடத்துக்குச் செய்தி அனுப்பும். ஹெலிகாப்டர் பறந்ததற்குக் கணக்கு இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏடு இருக்கும். படையின் மாதாந்தர அறிக்கை இருக்கும். இத்தனையில் எதைத் தேடிவிட்டு 'இல்லை' என்றார்கள்? அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்கவேண்டிய இடம் ஜே.எச்.இ.வி., அதாவது ஆயுதப்படை முன்னாள் வீரர் விவகாரத் துறை. உங்களிடம் முன்னாள் வீரர் அட்டை இல்லையென்றால் முதலில் பதிந்துகொள்ளுங்கள். பென்சன் இல்லாததால் நாம் வெட்டரன் கணக்கில் வரமாட்டோம் என்று நம் ஆட்களில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு முன்னாள் வீரர் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை.

கடிதத்தில் ஒரு காரியத்தைக் குறிப்பாகக் கேளுங்கள்: சேரும்போதும், 1977-க்குப் பிறகும், விலகும்போதும் உங்களுக்குப் போட்ட புல்ஹீம்ஸ் தரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மருத்துவப் பரிசோதனையில் எழுத்து எழுத்தாக நம்பர் போடுவார்களே, அதுதான். அதில் எல் என்பது கால், எச் என்பது காது. நீங்கள் 20 வயதில் சேர்ந்தபோது காலுக்கும் காதுக்கும் நல்ல நம்பர் விழுந்து, 1978-லோ 1984-லோ அது இறங்கியிருந்தால், நடுவில் என்னவோ நடந்திருக்கிறது என்று படையின் சொந்தத் தாளே சொல்கிறது. 'காயம்' என்ற சொல் எங்கேயும் இல்லாமல் போகலாம். அந்த நம்பர் இருந்தால் போதும்.

அடுத்தது எழுதச் சங்கடமாக இருக்கிறது. உங்கள் காயத்துக்கு இருக்கும் பெரிய சாட்சி அந்தக் கோப்ரலின் மரணம்.

காயம்பட்டுத் தேறியவனின் தாள் தொலையலாம். செத்தவரின் தாள் அவ்வளவு எளிதில் தொலையாது. மரணச் சான்று, குடும்பத்துக்குப் போன கடிதம், உடலைச் சரவாக்குக்கு அனுப்பிய ஏற்பாடு, குடும்பத்துக்குப் பணம் கொடுத்த கணக்கு என்று அவர் பெயரில் பல கோப்புகள் இருக்கும். அவர் எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தப் பிளாட்டூனோடு போனபோது இறந்தார் என்பது அதில் நிச்சயம் இருக்கும். அதே நாள், அதே இடம், அதே பிளாட்டூன் என்றால் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பது பாதி நிரூபணம். உங்கள் விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுதியவுடன் அடுத்த வரியில் அவர் பெயரை, பதவியை எழுதுங்கள். தேடுபவருக்கு அந்தப் பெயர்தான் வழிகாட்டும்.

நாள் சரியாகத் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பு என்கிறீர்கள். 1977 நாட்காட்டியை எடுத்தால் இரண்டு மூன்று தேதிக்குள் வந்துவிடும். அந்த வாரத்துப் பத்திரிகைகளைத் தேடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் நம் எல்லைக் காட்டுச் செய்திகளும் வரும். 'ஒருவர் பலி, ஒருவர் காயம்' என்று நாலு வரி கிடைத்தாலே போதும். அதில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் இருக்கும் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனாலும் பழைய இதழ்கள் கிடைக்குமா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்துப் பிள்ளை அடிபட்டான் என்றால் நம் பத்திரிகை ஒரு வரியாவது போட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை. மகனுக்கு ஒரு வேலை கொடுத்தது போலவும் இருக்கும்.

அந்தச் செய்தி ஏன் நாலு வரிதான் இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். கம்யூனிஸ்ட் சண்டை என்றால் 1948 முதல் 1960 வரை என்றுதான் பலருக்கு ஞாபகம். 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது, ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில்தான் ஹரி பஹ்லாவான் (வீரர் நாள்) அனுசரிக்கிறோம். ஆனால் 1968 ஜூன் 17-ல் குரோ, பெத்தோங் சாலையில் பதுங்கியிருந்து தாக்கியதில் நம் பாதுகாப்புப் படையினர் 17 பேர் இறந்தார்கள். அன்று தொடங்கிய இரண்டாவது சண்டை 1989 டிசம்பர் 2-ல் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை 21 வருஷம் நடந்தது. பினாங்கில் பாலம் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம், பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்குச் சாலை போட்டவர்களுக்குக் காவல் நின்ற பையன்கள் கால் இழந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அது தெரியாது. உங்கள் மனைவிக்குத் தெரியாததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியாது.

இனி சாட்சிகள். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து உங்களைப் போல ஒருவர் வந்தார். அவரோடு இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர் ஒரே ஒரு ஆள், தைப்பிங்கில். விண்ணப்பத்தைச் சரியாக எழுதி முடித்துவிட்டு, தைப்பூசம் கழிந்ததும் போய்க் கையெழுத்து வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர் இறந்துவிட்டார். விண்ணப்பம் நன்றாகத்தான் இருந்தது. சாட்சி இல்லை. அன்றிலிருந்து நான் யாருக்கும் முதலில் விண்ணப்பம் எழுதுவதில்லை. உங்களோடு 1977-ல் அந்தப் பிளாட்டூனில் இருந்தவர்களுக்கும் இப்போது 70 தாண்டியிருக்கும். இன்றைக்கே போனை எடுங்கள்.

யாரைத் தேடுவது? எல்லாருக்கும் முன்னால் அந்த மெடிக். உங்கள் காயத்தைக் கையால் தொட்டவர் அவர். அடுத்தது உங்களுக்குப் பின்னால் நடந்தவர், ஹெலிகாப்டரில் தூக்கி ஏற்றியவர்கள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். ரெஞ்சர் எல்லா இனத்தவரையும் சேர்த்த படை என்பதால் உங்கள் ஆட்கள் பினாங்கு முதல் கப்பிட் வரை சிதறிக் கிடப்பார்கள். முன்னாள் இராணுவத்தினர் சங்கமான பி.வி.ஏ.டி.எம்.-க்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. படைப்பிரிவு நம்பரையும் வருஷத்தையும் சொன்னால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். வாட்சப்பில் பழைய தோழர்கள் குழு வைத்திருப்பார்கள். அதில் ஒரு குரல் பதிவு போட்டால் அன்று சாயங்காலத்துக்குள் யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

கிடைத்தவரிடம் சுராட் சும்பா, அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம், வாங்க வேண்டும். சாதாரணக் கடிதம் போதாது. 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் படித்துப் பார்த்து அவரே கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொன்னால் குற்றம் என்பதால்தான் அதற்கு மதிப்பு. இங்கே நல்ல மனசுக்காரர்கள் ஒரு தப்பு செய்வார்கள். ஒரே வாசகத்தை டைப் அடித்து நாலு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள். 'எங்கள் வீரத் தோழர் தாய்நாட்டுக்காக ரத்தம் சிந்தினார்' என்று அழகாக இருக்கும். அதிகாரி ஒருதடவை பார்த்தாலே இது சொல்லிக்கொடுத்த சாட்சி என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும் சொல்லட்டும். 'நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நடந்தேன். சத்தம் கேட்டதும் குப்புறப் படுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இடது காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மெடிக் அவர் கால்சட்டையைக் கத்தரித்தார். மறுநாள் ஹெலிகாப்டரில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். தேதி எனக்கு ஞாபகம் இல்லை.' இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து அடிக்க வேண்டாம். மறந்ததை மறந்தேன் என்று சொல்கிற சாட்சியைத்தான் நம்புவார்கள். ஒருவர் மழை என்றும் இன்னொருவர் மழை விட்டுவிட்டது என்றும் சொன்னால் அதையும் அப்படியே விடுங்கள்.

உங்களுடைய சும்பாவும் வேண்டும். அதை எல்லாருக்கும் முன்னால் நீங்கள் எழுதி முடித்துவிடுங்கள். மற்றவர்களோடு பேசிப் பேசி அவர்கள் ஞாபகம் உங்கள் ஞாபகத்தில் கலந்துவிடும்.

உங்கள் மகன் சொன்ன பர்ப்பிள் ஹார்ட் விஷயத்துக்கு வருகிறேன். அது அமெரிக்கப் படையில் எதிரியின் கையால் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தருவது. 1782-ல் ஜார்ஜ் வாஷிங்டன் உண்டாக்கிய ஒரு சின்னத்தை 1932-ல் மறுபடி எடுத்து வழங்கத் தொடங்கினார்கள். அது நமக்குக் கிடைக்காது. ஆனால் மகன் சொன்னது முழுக்க வீண் இல்லை. 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் அவர்களுடைய படைப் பதிவேட்டுக் காப்பகம் தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேலான கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் விலகிய தரைப்படைக்காரர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போய்விட்டது. அதற்காக அத்தனை பேருக்கும் 'ரெக்கோட் இல்லை' என்று கதவைச் சாத்தவில்லை. சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரி ஏடு, கூட இருந்தவர்களின் சத்தியப் பிரமாணம் என்று சுற்றிலும் இருந்த தாள்களை வைத்து நடந்ததைத் திரும்பக் கட்டினார்கள். நான் உங்களைச் செய்யச் சொல்வதும் அதேதான்.

உடம்பு சொல்லும் சாட்சியைக் குறைத்து நினைக்காதீர்கள். ஆழத்தில் இருக்கிற சின்னச் சில்லுகளை எடுக்கப் போனால் தசையும் நரம்பும் கூடுதலாகக் கெடும் என்பதால் அப்படியே விடுவது வழக்கம், அப்போதும் சரி, இப்போதும் சரி. அன்று விட்டது இன்று உங்களுக்காகப் பேசுகிறது. காதுக்கு நிபுணரிடம் போங்கள். வயசானால் இரண்டு காதும் சேர்ந்து மந்தமாகும். இடது காது மட்டும் வலதைவிட மிக மோசம் என்றாலோ, செவிப்பறையில் பழைய கிழிசலின் தழும்பு இருந்தாலோ அதற்கு வயசு காரணமில்லை. அதை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ராத்திரியில் எழுந்து உட்காருவதை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 1977-ல் உங்களிடம் அதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பி.டி.எஸ்.டி. என்று இன்று சொல்கிறார்களே, அந்தப் பெயரே 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. உங்களுக்கு வந்தபோது அதற்குப் பெயர் இல்லை, நீங்கள் பலவீனமானவர் என்று அர்த்தமில்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, 71 வயதிலும் பலன் தரும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்துக்காக இல்லை. தூங்குவதற்காக.

பணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்படவில்லை, ஒப்பந்தம் முடிந்து நடந்து வெளியே வந்தவர். அதனால் ஊன ஓய்வூதியம் கேட்பது கடினம், மருத்துவ வாரியம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம். பதிவு திருந்திய பிறகு அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம், நம்பி உட்கார வேண்டாம். காது கருவி, ஊன்றுகோல் மாதிரி உதவிகளும் பென்சன் இல்லாதவர்களுக்கான வாழ்க்கைச் செலவு உதவியும் என்னென்ன உண்டு என்று ஜே.எச்.இ.வி.-யில் கேளுங்கள். சமூக நலத்துறையில் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிப்பது வேறு. காயம் எப்படி வந்தது என்று அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை, மருத்துவர் ஊனத்தைச் சான்று செய்தால் போதும்.

பதக்கத்தில், ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா, பங்லிமா காகா பெரானி போன்றவை வீரச்செயலுக்கு. காயம் பட்டதற்காக அவற்றைக் கேட்காதீர்கள், கேட்டால் நல்ல மனுவும் கெட்டுப்போகும். சேவைக்கான பதக்கங்களில் உங்களுக்கு வரவேண்டியது எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று தனித் தாளில் கேட்கலாம்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தபாலில் போட்டால் பதிவுத் தபால். பதில் மறுப்பாக வந்தால் கோபத்தில் கிழிக்காதீர்கள். ஒரு முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கேட்க, 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-ஆம் ஆணைப்படி, மூன்று மாதம்தான் அவகாசம். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். ஃபெரி இறங்கினால் லைட் தெரு நீதிமன்றம் பக்கம்தான் என் அலுவலகம். இதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.

உங்கள் மனைவி அன்று சாப்பிடாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் சொன்னதற்காக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சும்பா எழுதும்போது பக்கத்தில் அவரை உட்காரச் சொல்லுங்கள். தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு மலாயில் எழுதுங்கள்.

இன்னும் ஒரு வேலை. நான் சொன்னேன் என்று அந்தக் கோப்ரலின் கோப்பைத் தேடுவீர்கள், அதில் குடும்பத்தின் ஊர் தெரியவரும். சரவாக்கில் ஏதோ ஒரு நீள்வீட்டில் அவர் தம்பியோ தங்கையோ பிள்ளையோ இருக்கலாம். அவர்களுக்கு 1977-ல் போனதும் ஒரு தாள்தான். அவர் எப்படிப் போனார், வலி இருந்ததா, கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அதில் எழுதியிருக்காது. அது தெரிந்த ஆள் இன்றைக்குப் பிறையில் உட்கார்ந்திருக்கிறார். விண்ணப்பத்துக்காக அவர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருப்பதை, எவ்வளவு சொல்லலாம் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். பட்டாளத்து மலாய் போதும்.